கோலாலம்பூரிலிருந்து ஹனோய் வரை தரைவழியே: மார்ச், ஏப்ரல் பயணக் கேள்வி பதில்

விமானம் ஏறாமல் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் என்று நான்கு நாடுகளைக் குறைந்த செலவில் கடப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. நான்கு முறை மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பக்கம் போயிருக்கிறேன். அதை வைத்துச் சொல்லக்கூடியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மதுரை வாசகர்: மார்ச் 10 கிளம்பி 45 நாள். பாங்காக், சியாங் மாய், மெகாங் படகு, லுவாங் பிரபாங், ஹனோய் என்று போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

நவம்பரில் போவதாக இருந்தால் அருமையான வழி. மார்ச்சில் வேண்டாம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வட தாய்லாந்திலும் வட லாவோஸிலும் சோளத் தட்டைகளையும் காட்டுச் சருகுகளையும் கொளுத்துவார்கள். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர்கள் என்பதால் புகை மேலே போகாமல் பள்ளத்தாக்கிலேயே கிடக்கும். உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் முதலிடத்துக்கு வருவது பெரும்பாலும் மார்ச்சில்தான். நான் முதல் தடவை இதே படகில் இரண்டு நாள் போனேன். கரை தெரியவில்லை. மடியில் விரித்து வைத்திருந்த நோட்டில் கருகிய இலைத் துணுக்குகள் வந்து விழுந்தன; ஊதிவிட்டால் மறுபடி விழும். பக்கத்தில் இருந்த லாவோஸ் அம்மா ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார். லுவாங் பிரபாங்கில் ஆறு நாள் இருந்தேன். எதிரே இருந்த மலையை ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.

அதனால் வரைபடத்தைப் பார்த்து வழி போடாதீர்கள், மாதத்தைப் பார்த்துப் போடுங்கள். உங்கள் 45 நாளுக்கு நான் சொல்வது இது. கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் பாடாங் பெசார். அங்கே எல்லை தாண்டி தாய்லாந்தின் மேற்குக் கடற்கரை. மே மாதம் மழை பிடிப்பதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் கடைசி வாரங்கள் இவை. பிறகு பாங்காக், காஞ்சனபுரி. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் உபோன். சோங் மெக்கில் நடந்தே எல்லை தாண்டினால் தென் லாவோஸ், பாக்சே. அங்கிருந்து சவன்னகெத் போய், 9ஆம் எண் சாலையில் லாவோ பாவ் எல்லை வழியாக வியட்நாமின் ஹுவே. அப்புறம் ரயிலில் ஹனோய். மத்திய வியட்நாமில் அப்போது மழை இல்லாத காலம். ஹனோயில் மார்ச்சில் விடாமல் பிடிக்கும் தூறல் ஏப்ரலில் குறைந்துவிடும்.

பாக்சேவுக்குக் கிழக்கே போலவன் பீடபூமிக்கு நான்கு நாளாவது ஒதுக்குங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் கீழே 38 டிகிரி கொளுத்தும்போது அங்கே இரவில் போர்வை தேவைப்படும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த காபித் தோட்டங்கள் அங்கே உண்டு. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் சில நாட்களில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். பாக்சோங் பக்கம் ஒரு விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தேன். வாசலில் யாரோ மல்லிகைக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனதுபோல் வாசனை. பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாட்களுக்காக மட்டுமே நான் மறுபடி போவேன்.

சென்னை வாசகர்: மொத்தம் எவ்வளவு ஆகும்?

நாளைக்கு 2,500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில்) ஒரு படுக்கை, தெருக்கடைச் சாப்பாடு, உள்ளூர் பஸ், ரயில் எல்லாம் இதற்குள் வரும். 45 நாளுக்கு 1,12,500. விமானம், விசா, காப்பீடு தனி. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத்துக்குக் குறையாமல் பிடிப்பார்கள். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். லாவோஸ் விசாவுக்கு டாலர் நோட்டு கையில் இருக்கட்டும். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது எதையும் வாங்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணம் வாசகி: தனியாகப் போகலாமா? ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட் கேட்கிறார்களாமே?

தனியாகத் தாராளமாகப் போகலாம். நான் தங்கிய ஹாஸ்டல்களில் பாதிப் பேர் தனியே வந்த பெண்கள். பெண்களுக்கான டார்ம் பெரும்பாலான ஊர்களில் உண்டு. புது ஊருக்கு இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்வதுபோல் பஸ் பாருங்கள்.

பாஸ்போர்ட்டை மட்டும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். எந்தக் கடையிலும், எந்த நாட்டிலும். தென் லாவோஸில் ஒரு கடையில் நான் கொடுத்துவிட்டு, திரும்ப வந்தபோது முன்பே இருந்த கீறலைக் காட்டி 200 டாலர் கேட்டார்கள். பாஸ்போர்ட் அவர்கள் மேசை டிராயரில். பேசிப் பேசி 90 டாலருக்கு முடிந்தது. அதன்பின் நகலும் ரொக்க முன்பணமும்தான் கொடுக்கிறேன். ஒத்துக்கொள்ளும் கடை அடுத்த தெருவில் இருக்கும். எடுக்கும்போது வண்டியை நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி வாசகர்: நம் ஊர் சர்வதேச ஓட்டுநர் அனுமதி போதுமா?

தாய்லாந்தில் செல்லும், ஆனால் அதில் இருசக்கர வண்டிக்கும் அனுமதி இருக்க வேண்டும். வியட்நாமில் செல்லாது. இந்தியா தருவது சாலைப் போக்குவரத்து பற்றிய 1949 சர்வதேச உடன்படிக்கையின்படி. வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையின்படி தரப்பட்டதை. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீடும் வராது. வியட்நாமில் ரயிலிலும் பஸ்ஸிலும் போங்கள்.

சேலம் வாசகர்: விசா வேண்டுமா?

இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சொல்கிறேன். லாவோஸுக்கு வேண்டும், முக்கிய எல்லைகளில் அங்கேயே கிடைக்கும். வியட்நாமுக்கு முன்கூட்டியே இ-விசா, 90 நாள் வரை, ஒரு நுழைவுக்கு 25 டாலர். அதில் போட்ட தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விட மாட்டார்கள். இ-விசாவை ஏற்கும் எல்லைகளின் பட்டியலில் இல்லாத சின்ன எல்லையிலும் விட மாட்டார்கள். தாய்லாந்து, மலேசிய விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் வாரம் அரசுத் தளத்தில் பாருங்கள். தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம், தரைவழி போனாலும்தான். அது இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

கோயம்புத்தூர் வாசகர்: காஞ்சனபுரி எதற்கு? குவாய் ஆற்றுப் பாலத்தில் ஒரு போட்டோ, அவ்வளவுதானே. ஜாலியாகப் போகிற இடத்தில் கல்லறையெல்லாம் தேவையா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குள் கிள்ளானிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார்: "என் தாத்தாவின் அண்ணனை 1943இல் தோட்டத்திலிருந்து கூட்ஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சயாம் மரண ரயில். ஜாலியாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம் வராமலே இருக்கலாம்." அதற்கு இன்னொரு வாசகர்: "இறந்தவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள்தானே? நம் ஆட்கள் சம்பளத்துக்குப் போனவர்கள்."

இந்த இரண்டாவது கருத்தை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. பர்மாவுக்கும் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942இலும் 1943இலும் ஜப்பானிய ராணுவம் போட்டது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். வேலை செய்த ஆசியத் தொழிலாளிகள் அந்தக் கைதிகளைப்போல் மூன்று மடங்கு. மலாயாத் தோட்டத் தமிழர்கள், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான், ஏனென்றால் அவர்களை யாரும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவில்லை. முதலில் சம்பளம் என்று ஆசை காட்டினார்கள், ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகளுக்குத் தங்கள் படையின் டாக்டர்களாவது கூடவே இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 மழையில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 பேர். வரிசை வரிசையாகத் தகடுகள், வெட்டிவிட்ட புல், பூச்செடி. பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் எழுதியிருக்கும். அந்த வரிசைகளில் ஒரு தமிழ்த் தொழிலாளி பெயர் கிடையாது. பக்கத்தில் இருக்கும் வியட்நாமிய பௌத்தக் கோயிலில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்துக் கட்டிய தூபி ஒன்று உண்டு. அங்கே நான் போன மதியம் ஒரு நாயும் நானும்தான். தூபியின் கீழே யாரோ வைத்துவிட்டுப் போன சாமந்தி காய்ந்து கிடந்தது.

கோயம்புத்தூர் நண்பருக்கு: போட்டோ எடுங்கள், தப்பில்லை. பாலத்தில் வளைவாக இருக்கும் இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் வளைவில்லாமல் நேர்க்கோடாக இருப்பவை குண்டுவீச்சில் உடைந்த இடத்தில் போருக்குப் பின் வைத்தவை. அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். பிறகு பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து வந்து நாம் டோக் வரை போகும் மூன்றாம் வகுப்பு ரயிலில் ஏறுங்கள். வெளிநாட்டவருக்கு 100 பாத், இந்தப் பயணத்திலேயே மலிவான நாள். ஏசி கிடையாது, ஜன்னலோரம் உட்காருங்கள். தாம் கிரசேயில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. மரத்தூண்கள் மேல் ரயில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும். கையை நீட்டினால் பாறையில் உளிபட்ட தழும்பு தெரியும். அதற்கும் அப்பால் ஹெல்ஃபயர் பாஸ் அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிய அந்தப் பள்ளத்தில் காலையிலேயே நடங்கள். ஏப்ரல் வெயிலில் பத்து மணிக்கே நிற்க முடியாது.

கிள்ளான் வாசகருக்கு: இது தெரியாமல் போகிறவர்களும் வரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வந்தால்தானே கேட்பார்கள். உங்கள் வீட்டில் அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் யாருக்காவது நினைவிருந்தால் இன்றே எழுதி வையுங்கள்.

இது பற்றி மேலும் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஐந்து பேர் தங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு என்கிறார்கள். அவர்களுக்கும் இதே வேண்டுகோள்.

ஈரோடு வாசகர்: மொத்தம் எவ்வளவு ஆகும்?

மேலே சென்னை வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கும்பகோணம் வாசகி: சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். தாய்லாந்தில் "ஜே" என்று சொல்லுங்கள்; மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடை அதுதான். வெறுமனே காய்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித் தருவார்கள், அவர்களுக்கு அது உப்பு மாதிரி. வியட்நாமில் "சாய்". அமாவாசையை ஒட்டிய முதல் நாளிலும் பௌர்ணமியிலும் அங்கேயே பலர் சைவம் என்பதால் கடைகள் நிறைய இருக்கும். லாவோஸில்தான் கஷ்டம். ஒட்டரிசி, பழம், பிரெஞ்சு ரொட்டி, முட்டை சாப்பிட்டால் அதுவும். ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துப் போங்கள்.

நெல்லை வாசகர்: ஏப்ரல் 14 அங்கேயும் புத்தாண்டாமே?

ஆமாம். சூரியன் மேஷத்துக்கு வரும் அதே கணக்கு. தாய்லாந்தில் 13 முதல் 15 வரை, லாவோஸில் 14ஐ ஒட்டி மூன்று நாள். ஊரே தெருவில் நின்று தண்ணீர் ஊற்றும். அந்த வாரம் எல்லோரும் சொந்த ஊருக்குப் போவதால் ரயிலில் இடம் கிடைக்காது. 11ஆம் தேதிக்குள் ஒரு ஊரில் போய் உட்கார்ந்துவிடுங்கள், 17க்குப் பிறகு கிளம்புங்கள். வண்டி ஓட்டாதீர்கள், தாய்லாந்துச் சாலைகளில் அதிகம் பேர் சாகும் வாரங்களில் இது ஒன்று. ஹனோய் ரயிலுக்கு ஏப்ரல் 30, மே 1 விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: 9ஆம் எண் சாலையில் இறங்கி காட்டுக்குள் நடக்கலாமா?

கூடாது. 1964இலிருந்து 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குவரை வெடிக்காமல் மண்ணில் கிடக்கின்றன. டென்னிஸ் பந்து அளவுதான், துரு ஏறினால் களிமண் உருண்டை போலவே இருக்கும். நீங்கள் போகும் சாலை, அதிகம் குண்டு விழுந்த பகுதி வழியாகத்தான் போகிறது. சிறுநீர் கழிக்கக்கூட மிதிபட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள்.

விழுப்புரம் வாசகர்: லாவோஸில் மெகாங் டால்பின் பார்க்கலாமா?

லாவோஸ் பக்கம் 2022க்குப் பின் இல்லை. கம்போடியாவில் கிராத்தியே என்ற ஊரில் பார்க்கலாம்.

வேலூர் வாசகர்: அப்படியே கம்போடியாவும் சேர்த்து 20 நாளில் ஐந்து நாடு?

வேண்டாம். பாதி நாள் பஸ்ஸில் போய்விடும், விசாக் காசும் வீண். 20 நாளுக்கு இரண்டு நாடு. தாய்லாந்து, கம்போடியா தரை எல்லை 2025 சண்டையில் மூடப்பட்டது. அந்தப் பக்கம் யோசிப்பவர்கள் நிலவரத்தைக் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

கரூர் வாசகர்: சியாங் மாய் ஒரு மூன்று நாள் மட்டும் போய்வந்தால்? லேசான ஆஸ்துமா உண்டு.

மார்ச்சில் போகவே போகாதீர்கள். முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: லாவோஸின் வாங் வியெங்கில் ஹாஸ்டலில் இலவச மது தருவார்களாமே?

தொடாதீர்கள். 2024 நவம்பரில் அந்த ஊரில் மெத்தனால் கலந்த மது குடித்து ஆறு பயணிகள் இறந்தார்கள்.

ஓசூர் வாசகர்: பைக் கடையில் பாஸ்போர்ட் கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். ஒரே நாள்தானே, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அடுத்த தெருக் கடைக்குப் போங்கள்.