ஸ்கார்பரோவில் தமிழர் தொகுதி

கேள்வி: என் மகள் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அங்கே ‘தமிழர் தொகுதி’ ஒன்று உண்டு, தமிழர் நின்றால் ஜெயிப்பது நிச்சயம் என்கிறாள். நிஜமா? வேலை விசாவில் இருக்கும் அவள் அங்கே ஓட்டு போடலாமா?
- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அவள் சொல்வது ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதியாக இருக்கும். 1988 முதல் அங்கே எம்.பி. லிபரல் கட்சியின் டெரெக் லீ. நம்ம ராயபுரத்தில் ஜெயக்குமாரே 1996-லும் 2021-லும் சறுக்கினார். லீ கடைசிவரை சறுக்கவில்லை. 2011-ல் அவராக ஒதுங்கினார். அந்தத் தேர்தலில் ஜாக் லேட்டனின் புதிய ஜனநாயகக் கட்சிக்கு அலை: 103 இடம். லிபரலுக்கு வெறும் 34. யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சியில் நின்று ஜெயித்து, கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனார். தமிழர் ஓட்டு கைகொடுத்தது சரி, ஆனால் லீ விலகாமல், அலையும் இல்லாமல் அந்தக் கோட்டை சரிந்திருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் தொகுதியே போய்விட்டது. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லையை மாற்றுவார்கள். 2008-ல் நம் புரசைவாக்கமும் பூங்கா நகரும் காணாமல் போன மாதிரி, 2015 தேர்தலில் அது இல்லை. ராதிகா புதிய ஸ்கார்பரோ நார்த்தில் நின்று லிபரலின் ஷான் சென்னிடம் தோற்றார். அதே தேர்தலில், பக்கத்து ஸ்கார்பரோ-ரூஜ் பார்க்கில் லிபரல் சார்பில் நின்ற கேரி ஆனந்தசங்கரி ஜெயித்தார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரியின் மகன் அவர். 2023-ல் அமைச்சரும் ஆனார். ஒரு தமிழர் தோல்வி, ஒரு தமிழர் வெற்றி. இரண்டையும் தீர்மானித்தது கட்சிக் காற்றுதான்.

சந்தேகம் இருந்தால் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவரின் 2016 செப்டம்பர் இடைத்தேர்தலைப் பாருங்கள். மாகாணச் சட்டமன்றத்துக்கு மட்டும் பழைய எல்லையே நீடித்தது. லிபரலுக்கு பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சிக்கு நீதன் சண் என இரண்டு தமிழர்கள் மோத, ஜெயித்தவர் கன்சர்வேடிவ் கட்சியின் ரேமண்ட் சோ. கொரியாவில் பிறந்தவர், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1999 முதல் லிபரல் கையில் இருந்த இடம் அது! சோ சாதாரண ஆளில்லை. 1988-ல் இதே பெயர்த் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர், 2004-ல் டெரெக் லீயை எதிர்த்து சுயேச்சை, கடைசியில் கன்சர்வேடிவ். நம்மூர் கட்சித் தாவல் மன்னர்கள் அவரிடம் டியூஷன் எடுக்கலாம். தோற்ற நீதன் சண், 2017 பிப்ரவரியில் சோ விட்டுப்போன டொராண்டோ மாநகராட்சி கவுன்சிலர் நாற்காலியைப் பிடித்தார். கவுன்சிலராக சோவை அங்கே தெருத்தெருவாகத் தெரியும்; அதை எந்த இன ஓட்டுக் கணக்கும் வெல்லவில்லை.

மகளின் ஓட்டு? வேலை விசாவில் கிடையாது, நிரந்தர வசிப்புரிமை வந்தாலும் கிடையாது. குடியுரிமை வேண்டும். அதுவரை இந்தியப் பிரஜை என்பதால் படிவம் 6ஏ நிரப்பி, ஆர்.கே. நகர் பட்டியலில் வெளிநாட்டு வாக்காளராகப் பெயர் சேர்க்கலாம். ஓட்டு போட நேரில்தான் வரவேண்டும். விமான டிக்கெட்டை எந்தக் கட்சியும் எடுத்துத் தராது, கேட்டுப் பார்க்க வேண்டாம்.