கட்டிலை விட்டு இறங்க அம்மா மறுக்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்பு மூட்டுக்குள் உடைந்து, பாதி மூட்டு மாற்றி 9 நாள் ஆகிறது. வலிக்குப் பயந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். ராத்திரியில், காலமான அப்பாவைக் கூப்பிடுகிறார். புத்தி பேதலித்துவிட்டதா?
- வாசகி, திருச்சி

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் காரணத்தைத் தேட வேண்டும். பாத்ரூம் போக வேண்டுமே என்று அம்மா தண்ணீரைக் குறைத்துவிட்டாரா? பலர் வாய்விட்டுச் சொல்லாமல் செய்வது இது. மலம் இறுகும், சிறுநீரில் கிருமி சேரும், குழப்பம் கூடும். டாக்டரிடம் சொல்லி சிறுநீரையும் ரத்தத்தில் சோடியத்தையும் பரிசோதியுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இருந்தால் மாட்டிவிடுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

இனி நடை. டாக்டர் எழுதிய வலி மாத்திரையை நடப்பதற்கு அரை மணி முன்பே கொடுங்கள். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அன்றைய நடை போய்விடும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு 5 நிமிடம் உட்காரட்டும். சட்டென்று நின்றால் தலை சுற்றும். கையைத் தொங்கவிட்டால் வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், பிறகு நல்ல கால். வாக்கரை எட்டித் தள்ளிவைப்பதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே மூச்சில் நீண்ட நடை வேண்டாம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, பத்து இருபது அடி போதும்.

தரையில் உட்காருவது, இந்தியன் டாய்லெட், கால்மேல் கால் போடுவது கூடாது. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். பள்ளமான பிளாஸ்டிக் சேர் ஆகாது. திடீரென வலித்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு விலகியிருக்கலாம். இழுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டியாக இருக்கலாம்; ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

குதிகால் மெத்தையில் அழுந்தாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

பத்தியம் என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுப்பது பெரிய தவறு. முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று புரதம் வேளாவேளைக்குப் போனால்தான் புண் ஆறும், தொடைச் சதை திரும்பும்.

நின்ற இடத்தில் விழுந்து எலும்பு உடைந்ததென்றால் அது எலும்பு மெலிந்து வலுவிழக்கும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்). ஆபரேஷன் அதைச் சரிசெய்வதில்லை. தையல் பிரிக்கப் போகும்போது அதற்கான மருந்தைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்தும் உண்டு.