யானிக் நோவாவின் பாட்டு

அன்புள்ள ஐயா,
1983-இல் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் பட்டத்தை வென்ற யானிக் நோவா, பின்னாளில் தொலைக்காட்சியில் உள்ளாடை விளம்பரத்தில் நின்றதும் பாப் பாடல்கள் பாடியதும் தன் பெயரைக் காசாக்கியதுதானே? அவர் பாடல்களில் எதையாவது கேட்கலாமா?
ர.

அன்புள்ள ர.,

நோவாவுக்குப் பின் எந்தப் பிரெஞ்சு ஆணும் பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலாண்ட் கேரோஸில் ஒற்றையர் பட்டம் வெல்லவில்லை என்ற பேச்சு ஆண்டுதோறும் எழும்போதெல்லாம், அவருடைய பாட்டு வாழ்க்கையை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்களே என்று வருந்துவேன். உங்கள் கடிதமும் அதையே செய்கிறது.

விளம்பரத்தை விடுங்கள். ஸ்லோகி நிறுவனம் அழைத்தது, நடித்தார், ஊதியம் பெற்றார். சட்டையில் நிறுவன முத்திரையுடன் ஆடும் வீரரைக் கைதட்டி வரவேற்கும் நாம் இதற்கு முகம் சுளிப்பது நியாயமில்லை.

ஆனால் பாட்டையும் அதனோடு சேர்த்துக் கட்டியதை என்னால் ஏற்க இயலாது. விளம்பரம், முன்பே ஈட்டிய புகழுக்கு வரும் வாடகை. பாட்டுக்கு அது நெடுநாள் வராது. 1991-இல் ‘சாகா ஆப்பிரிக்கா’ என்ற அவருடைய பாடல் பரவியதில் டென்னிஸுக்குப் பங்குண்டு. அவ்வாண்டின் இறுதியில் அவர் தலைமையேற்ற பிரான்ஸ் அணி லியோனில் அமெரிக்காவை வென்று, நாடுகளின் அணிகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையை 59 ஆண்டுகளுக்குப் பின் பெற்றபோது, வீரர்கள் அதைப் பாடியபடியே ஆடுகளத்தைச் சுற்றிவந்தார்கள். ஆயினும் 1993-இல் வந்த அடுத்த பாடல் தொகுப்பு அவ்வளவாக எடுபடவில்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வது சரியாகியிருக்கும். அவர் நிறுத்தவில்லை. கேமரூனின் தலைநகர் யாவுண்டேயில் வளர்ந்து, அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் கண்ணில் பட்டு, பதினோரு வயதில் குடும்பத்தைப் பிரிந்து நீஸ் நகரத்துக்குப் பயிற்சிக்கு வந்த சிறுவன், நாற்பதாவது வயதில், 2000-இல், தன் தாத்தாவை நினைத்து ‘சிமோன் பாப்பா தாரா’வைப் பாடினார். 2006-இல் வந்த ‘சரங்கோ’ தொகுப்பு பிரான்சின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆட்டத்தை விட்டு அத்தனை ஆண்டுகளான ஒருவரின் பாட்டை, டென்னிஸுக்காக எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள்?

பாரிஸில் உணவக அடுப்படியில் நான் வேலை செய்த காலத்தில், மாலியிலிருந்து வந்த ஓர் இளைஞன் பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் பாடல்களைப் பாடுவான். ஒருநாள் நாளிதழில், மட்டையும் கையுமாய் நிற்கும் நோவாவின் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, “நம் பாடகர் டென்னிஸும் ஆடுவாரா?” என்று என்னிடம் கேட்டான். உங்கள் குற்றச்சாட்டை நான் அவனிடம் எப்படி விளக்கியிருப்பேன், சொல்லுங்கள்.

2000-இல் வந்த தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். கேட்ட பின்பு பிடிக்கவில்லையென்றால் எழுதுங்கள். அப்போது பாட்டைப் பற்றியே பேசலாம்.