வாசகர் கேள்விகள்: பனிக்காலத்தில் சிம்பன்சிகள்

வட அமெரிக்காவில், பனி கொட்டும் ஒரு மலையடிவாரத்தில், ஆய்வகங்களிலிருந்து மீட்ட சிம்பன்சிகளுக்கான காப்பகம் ஒன்றில் மூன்று குளிர்காலம் தொண்டராக இருந்தேன். காய்கறி நறுக்கினேன், தரை கழுவினேன், போர்வை துவைத்தேன். சென்ற இதழில் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை.

கேள்வி: சிம்பன்சி வெப்ப நாட்டு விலங்கு. அதைப் பனியில் வைத்திருப்பது வதை இல்லையா?

பதில்: முதல் வருஷம் நானும் இதைத்தான் கேட்டேன். கரடிக்கு இருப்பதுபோல் அடர்ந்த உள்முடி சிம்பன்சிக்குக் கிடையாது. வெளியே தெரிகிற முடிதான் மொத்தமும். வயதானால் அதுவும் முதுகில் மெலிந்துவிடும். காதும் விரல் நுனியும் சீக்கிரம் விறைத்துப் போகும். அதனால் பனிக்காலத்தில் சூடேற்றிய பெரிய கூடங்கள்தான் வீடு. கடுங்குளிர் இல்லாத நாட்களில் முற்றத்துக் கதவைத் திறந்து வைப்போம். போவதும் போகாததும் அவர்கள் இஷ்டம்.

('அவர்கள்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் பழகியபின் 'அவைகள்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.)

ஒருவன் விருட்டென்று ஓடி, ஒரு கை நிறையப் பனியை அள்ளிக்கொண்டு, மற்ற மூன்று கால்களில் திரும்பி வந்து, சூடான இடத்தில் உட்கார்ந்து நிதானமாகத் தின்பான். இன்னொருத்தி வாசற்படியிலேயே நின்று ஒற்றை விரலால் பனியைத் தொடுவாள், விரலை மோந்து பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அவளைப் போன்றவர்களுக்காகத் தொட்டியில் பனியை வாரி உள்ளே கொண்டுவந்து, அதற்குள் திராட்சையைப் புதைத்து வைப்போம்.

குளிர்ப் பிரதேசத்தில் ஏன் காப்பகம்? மீட்டவர்களுக்கு நிலம் கிடைத்த இடம் அது, அவ்வளவுதான். கனடாவின் க்யூபெக்கில் உள்ள ஃபானா காப்பகத்துக்கு 1997-இல் நியூயார்க் மாநில ஆய்வகம் ஒன்றிலிருந்து 15 சிம்பன்சிகள் வந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் கிளி எலம் ஊருக்கு 2008-இல் ஏழு வந்தன. கூண்டிலேயே வருஷக்கணக்கில் கிடந்தவர்களுக்கு, திறந்த கதவும் அதற்கு வெளியே பனியும் பெரிய விஷயம்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். நாள் முழுக்க உள்ளேயே இருந்தால் அவற்றுக்கு போர் அடிக்காதா?

பதில்: அடிக்கும். சும்மா அடிக்காது கண்ணு, தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு அடிக்கும். காட்டுச் சிம்பன்சியின் பகலில் பாதி, தீனி தேடுவதிலும் தின்பதிலும் போய்விடும். அதே தீனியைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? அதனால் காப்பகத்தில் பாதி வேலை, சாப்பாட்டை ஒளித்து வைப்பதுதான். 'என்ரிச்மென்ட்' என்பார்கள். பெயர் பெரிது, பொருள் சின்னது: பிளாஸ்டிக் குழாயில் ஓட்டை போட்டு உள்ளே ஓட்ஸும் கடலை வெண்ணெயும் அடைப்பது, பழத்துண்டுகளைப் பனிக்கட்டிக்குள் உறையவைப்பது, அட்டைப் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி, கடைசியில் நாலு கொட்டை.

1960-இல் தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் பார்த்ததைப் படித்திருப்பாய்: சிம்பன்சி ஒரு குச்சியைக் கரையான் புற்றுக்குள் விட்டு, அதில் ஒட்டிய கரையானை நக்கித் தின்றது. எங்களிடம் சிமெண்டில் ஒரு புற்று இருந்தது. கரையானுக்குப் பதில் கெட்சப், கடுகு, ஜாம். குச்சியை அவர்களே பல்லால் சீவிக்கொள்வார்கள். தடித்த குச்சி ஓட்டைக்குள் போகாது, மெலிந்தது வளைந்துவிடும். சரியான குச்சி கிடைத்தவள் அதை அடுத்த ஓட்டைக்குப் போகும்போது வாயில் கவ்விக்கொண்டே போவாள், தையற்காரர் ஊசியைக் கவ்வுவது மாதிரி.

என் பிழை ஒன்றையும் சொல்கிறேன். ஒருநாள் புதிர்ப் பலகையின் திருகாணிகளைக் கையாலேயே முடுக்கிவிட்டேன். ஸ்பானர் எடுக்கச் சோம்பல். மாலையில் பார்த்தால் இரண்டைக் காணோம். குழுவின் மூத்த கிழவி, கன்னம் சற்றே உப்பியபடி, எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டினாலும் பறிக்கப் பார்த்தாலும் விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. பண்டமாற்றுதான் வழி. ஓர் அத்திப்பழத்தைக் காட்டினேன். ஒரு திருகாணியைத் துப்பிக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினாள். பழத்தைத் தின்று முடித்து, விரலை நக்கி, கொஞ்ச நேரம் யோசிப்பது போல் இருந்துவிட்டு, அடுத்ததை வெளியே எடுத்து எனக்குத் தெரியும்படி பிடித்துக் காட்டினாள். இரண்டாவதற்கு இரண்டு பழம் கொடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: காலண்டரில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் சிம்பன்சிப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதில்: வருத்தத்தோடு சொல்கிறேன், அது சிரிப்பு இல்லை. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டு பல்லும் தெரிய உதட்டை இழுத்தால் பெரும்பாலும் பயம். விளையாட்டுச் சிரிப்பில் வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல்பல்லை உதடு மூடியிருக்கும், மூச்சிரைப்பது போல ஒரு சத்தமும் வரும். அந்த மாதப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

கேள்வி: பேசாமல் ஆப்பிரிக்கக் காட்டுக்கே அனுப்பிவிடலாமே?

பதில்: எல்லோரும் கேட்பது. இவர்களில் பலர் ஆய்வகத்திலேயே பிறந்தவர்கள். எந்தப் பழம் விஷம், எந்தக் கிளை தாங்கும் என்று சொல்லித்தரத் தாய் இருந்ததில்லை. அந்நியச் சிம்பன்சியைக் காட்டுக் கூட்டம் அடித்தே கொன்றுவிடும். சிலருக்கு ஆராய்ச்சிக்காக மஞ்சள்காமாலைக் கிருமியோ எச்ஐவியோ ஏற்றியிருந்தார்கள். அவர்களைக் காட்டில் எப்படி விடுவது? அமெரிக்காவில் கூண்டுச் சிம்பன்சிகளுக்கும் அழியும் இனம் என்ற சட்டப் பாதுகாப்பு 2015-இல்தான் வந்தது. விண்வெளிக்கு ஹாம் என்ற சிம்பன்சியை அனுப்பியது 1961-இல். இடையில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கட்டிப்பிடிக்க விடுவார்களா?

பதில்: மாட்டார்கள். அவர்கள் பலம் ஒரு காரணம், நம் சளி இன்னொரு காரணம். ஐவரி கோஸ்ட் காட்டிலேயே மனிதரிடமிருந்து தொற்றிய சுவாசக் கிருமியால் சிம்பன்சிகள் செத்திருக்கின்றன. முகமூடியும் கையுறையும் போட்டிருந்தாலும், ஒரு தும்மல் வந்த நாளில் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். வணக்கம் சொல்ல வழி உண்டு: மணிக்கட்டை மடக்கிப் புறங்கையைக் காட்டித் தலையை ஆட்ட வேண்டும். மனமிருந்தால் அவர்களும் ஆட்டுவார்கள்.

கேள்வி: இரவில் எப்படித் தூங்கும்?

பதில்: கூடு கட்டிக்கொண்டு. காட்டில் தினமும் மாலை கிளைகளை வளைத்துப் புதுக்கூடு கட்டுவார்கள். இங்கே போர்வை, வைக்கோல், கிழித்த காகிதம். காட்டில் பிறந்தவர்கள் கட்டுவது நேர்த்தியாக இருக்கும்: போர்வைகளை வட்டமாக அடுக்கி, ஓரத்தை உள்ளே செருகி, நடுவில் உட்கார்ந்து புறங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். தாயிடம் வளராதவர்களில் சிலர் போர்வையை வெறுமனே இழுத்துச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

அந்தக் கிழவியிடம் ஒரு நீலப் போர்வை இருந்தது. நடுவே பெரிய கிழிசல். ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்று வைத்தேன். மறுநாள் காலை அது நான்காக மடிந்து, கதவிடுக்கில் என் பக்கமாகத் தள்ளிக் கிடந்தது. குப்பைக் கூடையிலிருந்து பழையதைத் தேடியெடுத்து, துவைத்து, காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முதலில் கிழிசல் இருக்கிறதா என்று பார்த்தாள்.