ஆய்வுப் பெப்டைடுகளும் அவற்றின் சான்றிதழ்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): பெப்டைடோடு விற்பனையாளர் தந்த பகுப்பாய்வுச் சான்றிதழில் தூய்மை 99 விழுக்காடு என்று இருக்கிறது. அப்படியானால் 10 மில்லிகிராம் குப்பியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் பெப்டைடு இருக்கும் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி. கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. சோதனை சொல்லும் தூய்மை என்பது, 214 அல்லது 220 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி வரைபடத்தில் முகடாகத் தெரிபவற்றுள் உங்கள் பெப்டைடுக்கு உள்ள பங்கு மட்டுமே. ஈரமும் உப்பும், தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்டு வரும் டிரைஃபுளூரோ அசிட்டேட்டும், பொடியைப் பருமனாகக் காட்டச் சேர்க்கும் மானிட்டாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பொடியின் எடையில் நிகரப் பெப்டைடு, அதாவது உண்மையான பெப்டைடு மட்டும், 80 விழுக்காட்டை ஒட்டி இருப்பது சாதாரணம். லேபிளில் உள்ள 10 மில்லிகிராம் பொடியின் எடையா, நிகரப் பெப்டைடின் எடையா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): பி.பி.சி.-157 என்ற பெப்டைடு வாங்கினேன். அதன் மூலக்கூற்று எடை 1,419 என்று படித்திருக்கிறேன். சான்றிதழில் உள்ள நிறை நிறமாலையோ 710 அருகே பெரிய முகட்டைக் காட்டுகிறது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இல்லை. நிறமாலை காட்டுவது எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்; இரண்டு புரோட்டான்கள் ஏறிய அயனி ஏறத்தாழ பாதி எண்ணில், அங்கேதான் தெரியும். ஆனால் நிறமாலை அடையாளத்துக்குத்தான் சாட்சி, அளவுக்கு அன்று. ஓர் அமினோ அமிலம் எல் வடிவத்துக்குப் பதிலாக அதன் கண்ணாடிப் பிம்பமான டி வடிவத்தில் இருந்தாலும் எடை மாறாது என்பதால், அடையாளத்துக்குக்கூட அது முழுச் சாட்சி ஆகாது.

கேள்வி (வெருலம்): சான்றிதழின் படத்தை இணைத்துள்ளேன். இது நம்பத் தகுந்ததா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் தொகுதி (பேட்ச்) எண்ணை உங்கள் கட்டைவிரல் மறைத்திருக்கிறது, குப்பியின் படமோ இல்லவே இல்லை. குப்பியின் மீதுள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டையும் தெளிவாக எடுத்து மீண்டும் அனுப்புங்கள்.

கேள்வி (லெனேசியா): என் விற்பனையாளர் எல்லாப் பொருள்களையும் "மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் சோதித்தது" என்கிறார். அறிக்கையில் ஐ.எஸ்.ஓ. 17025 என்றும் அச்சிட்டிருக்கிறது. இதற்கு மேலும் சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தச் சொற்றொடரை நம்பி மோசம் போனவர்கள் எழுதியவை. மூன்றாம் தரப்பு சோதித்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த மாதிரியைப் பொறுக்கி எடுத்து அனுப்பியவர் யார்? பெரும்பாலும் விற்பனையாளரேதான். அதனால்தான் ஒழுங்கான ஆய்வகம் ஒவ்வொன்றும், சோதனைக்கு வந்த மாதிரிக்கு மட்டுமே முடிவுகள் பொருந்தும் என்று அறிக்கையில் எழுதுகிறது. அந்த வரியைப் படிப்பவர்கள்தான் அரிது. உங்கள் கையில் உள்ள குப்பி அதே தொகுதியைச் சேர்ந்தது என்பதற்கு விற்பனையாளரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லையென்றால், அந்த அறிக்கை வேறு யாருடைய குப்பியையோ பற்றியது.

அடுத்து, ஆய்வகங்களின் திறனுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025. அது ஆய்வகம் முழுவதற்கும் ஒரேயடியாகக் கிடைக்கும் பட்டம் அன்று; குறிப்பிட்ட சோதனைகளுக்கு, குறிப்பிட்ட முறைகளுக்குத் தரப்படுவது. நம் தென்னாப்பிரிக்காவில் அந்த அங்கீகாரத்தை வழங்கும் சானாஸ், ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் எந்தெந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியலை வெளியிடுகிறது. குடிநீர்ச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் முத்திரை பெப்டைடு அறிக்கையில் இருந்தால், அது வெறும் அலங்காரம். அறிக்கை எண்ணைக் குறித்துக்கொண்டு ஆய்வகத்தையே அழைத்துக் கேளுங்கள். தொலைபேசி எண்ணை அறிக்கையிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடி எடுங்கள்.

எச்.பி.எல்.சி. வரையும் கோட்டுப்படமான குரோமேட்டோகிராமையும் விடாதீர்கள். மாதிரியைச் செலுத்திய தேதி, மாதிரியின் பெயர், முகடுகளின் பரப்பளவு அட்டவணை ஆகிய மூன்றும் இல்லாத படம் வெறும் கோடுதான். செங்குத்து அச்சின் அளவை மாற்றினால் சிறிய மாசு முகடுகள் அடிக்கோட்டோடு கரைந்துபோகும். ஒரு விற்பனையாளரின் இரு வேறு தொகுதிச் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். முகடு வெளிவந்த நேரம் மூன்றாம் தசம இடம் வரை ஒன்றாகவே இருந்தது, அடிக்கோட்டின் நடுக்கம்கூட அச்சு அசலாகப் பொருந்தியது. தொகுதி எண் மட்டும் வேறு. எந்தக் கருவியும் இரண்டு முறை அப்படி ஒரே கோட்டை வரைந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி (டோங்காட்): "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியுள்ள செமாகுளுடைடை எடை குறைக்க ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா? சான்றிதழ் எல்லாம் சரியாக இருக்கிறது.

பதில்: கூடாது. செமாகுளுடைடு இங்கே நான்காம் அட்டவணை மருந்து. மருத்துவரின் சீட்டு இன்றி வாங்க முடியாது. மருந்துகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் சாப்ரா, ஆய்வுப் பொருளாக விற்கும் குப்பியை மருந்தாக மதிப்பிடவில்லை. நீங்கள் சொல்லும் சான்றிதழில் கிருமியற்ற தன்மை பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இராது. மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆய்வு மாணவர்): செல் வளர்ப்புச் சோதனைக்கு 98 விழுக்காடு தூய்மை போதுமா, ஐயா?

பதில்: தம்பி, தூய்மை போதும், கேள்விதான் போதாது. பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் எச்.பி.எல்.சி.யில் தெரியாது, ஆனால் உங்கள் செல்களுக்குத் தெரியும். அதை அளக்கும் எல்.ஏ.எல். சோதனையின் முடிவை எண்ணாகக் கேளுங்கள். "தேறியது" என்ற சொல்லை ஏற்காதீர்கள். எந்த உப்பு வடிவம் என்றும் கேளுங்கள். டிரைஃபுளூரோ அசிட்டேட் செல்களின் வளர்ச்சியையே பாதிக்கக்கூடும் என்பதால், அசிட்டேட் உப்பாக வாங்குவது நல்லது.

கேள்வி (டர்பன்): காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி செய்கிறேன். நல்ல ஆவணங்கள் உள்ள பி.பி.சி.-157 கிடைத்தால்?

பதில்: 2022 முதல் அது உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆவணம் நன்றாக இருந்தால் தடை நீங்காது.

கேள்வி (பெனோனி): விற்பனை நிறுவனத்தையே சரிபார்க்க வழி உண்டா?

பதில்: நிறுவனப் பதிவு ஆணையமான சி.ஐ.பி.சி.யில் பெயரைத் தேடுங்கள். தெருமுகவரி உண்டா, சான்றிதழில் கையெழுத்திட்டவருக்குப் பெயரும் பதவியும் உண்டா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பே குறிப்பிட்ட தொகுதியின் சான்றிதழைக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி (ஐசிபிங்கோ): மின்வெட்டில் உறைபெட்டி நான்கு மணி நேரம் நின்றுவிட்டது. குப்பிகள் கெட்டிருக்குமா?

பதில்: திறக்காத உலர்பொடி பொதுவாகத் தாங்கும், கரைத்து வைத்தது அவ்வளவு தாங்காது. சான்றிதழில் சேமிப்பு வெப்பநிலையும் மறுசோதனைத் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து, மின்வெட்டைக் குப்பியின் தொகுதி எண்ணோடு உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கடற்கரை ஈரத்தில் குளிர்ந்த குப்பியை உடனே திறக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்கவும்.