தேய்ந்த கிராங்க் தண்டின் கீ பள்ளம்: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): எனது பழைய 800 சி.சி. காருக்கு டைமிங் பெல்ட் மாற்றிய சில மாதங்களில் இழுவை குறைந்து, முன்பக்கப் புல்லியும் ஆடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், கிராங்க் தண்டில் கீ (புல்லியையும் பற்சில்லையும் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) உட்காரும் பள்ளம் ஒரு பக்கமாக அகன்றிருக்கிறது. கீ தரமற்றதா, ஐயா?

பதில்: கீயைக் குறை சொல்வதற்கில்லை. புல்லியையும் அதன் பின்னாலுள்ள டைமிங் பற்சில்லையும் தண்டோடு சேர்த்துச் சுழற்றுவது, நடுப் போல்ட் அவற்றை நெருக்கிப் பிடிப்பதால் உண்டாகும் உராய்வே. பாகங்களைச் சரியான கோணத்தில் நிறுத்துவதுதான் கீயின் வேலை. பெல்ட் மாற்றியவர் போல்ட்டைப் போதிய அளவு இறுக்காமல் விட்டிருந்தால், ஒவ்வோர் எரிப்பின்போதும் கீ முன்னும் பின்னும் இடிபட்டுப் பள்ளத்தின் சுவரைத் தின்றுவிடும். 28 மி.மீ. விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 88 மி.மீ. என்பதால், கால் மில்லிமீற்றர் தேய்ந்தாலே பற்சில் ஒரு பாகை விலகும். ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தால் நான்கு பாகை. வால்வுகள் அந்த அளவு பிந்தித் திறக்கும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டிலிருந்து இயங்கும் எஞ்சின்களில் தீப்பொறியும் கூடவே பிந்தும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): குளிர்பானத் தகரத்தை வெட்டிக் கீயோடு சேர்த்து அடித்தால் போதும் என்கிறார் கராஜ்காரர்.

பதில்: வேண்டாம். அலுமினியத் தகடு நசுங்கி, மீண்டும் இடைவெளி விழும்.

கேள்வி (தெஹிவளை): எஞ்சினை இறக்காமல் திருத்த முடியுமா?

பதில்: தேய்மானம் சிறிதாகவும், பள்ளத்தின் ஒரு பகுதியாவது பழுதின்றியும் இருந்தால் முடியும். பெரும்பாலும் உள்முனையில் நல்ல சுவர் எஞ்சியிருக்கும். புதிய கீ அங்கே மெல்லத் தட்டினால் மட்டுமே இறங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் பழைய கீயை மட்டும் கொண்டுபோனால் தேய்ந்த அளவுக்கே வாங்கி வருவீர்கள். பள்ளத்தின் தேயாத இடத்தை வேர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கீயின் மேல்முகத்துக்கும் பற்சில்லின் பள்ளத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருக்க வேண்டும். கீ உயரமானால் பற்சில் மையம் விலகி உட்காரும். தண்டையும் பற்சில்லின் துளையையும் எண்ணெய்ப் பசை அறவே நீங்கும்வரை பிரேக் கிளீனரால் துடைத்து, தேய்ந்த பாகங்களுக்கென்றே உள்ள லொக்டைட் 660 போன்ற பசையைத் தடவி, தேயாத சுவரோடு கீயை ஒட்டி நிறுத்திப் பூட்டுங்கள். எண்ணெய் சீலில் பசை படக்கூடாது. போல்ட் புதியதாக இருக்கட்டும். எயார் கன்னால் அடிக்காமல், பிளைவீலைப் பிடித்துக்கொண்டு, சேவிஸ் கைநூல் சொல்லும் அளவுக்கு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். ஒரு முழு நாள் எஞ்சினை இயக்காதீர்கள். பின்னாளில் கழற்றும்போது பற்சில்லை நன்றாகச் சூடாக்கினால்தான் வரும் என்பதையும் அடுத்த பாஸிடம் (மெக்கானிக்கிடம்) சொல்லிவையுங்கள்.

கேள்வி (வத்தளை): பள்ளம் மிகவும் அகன்றுவிட்டது. வெல்டிங் செய்து நிரப்பலாமா?

பதில்: தண்டு எஞ்சினில் இருக்கும்போது செய்யவே கூடாது: சூடு சீலைக் கெடுக்கும், மின்னோட்டம் பெயாரிங்குகளைக் கடந்தால் அவற்றின் மேற்பரப்பும் கெடும். தண்டை வெளியே எடுத்தாலும், வெல்டிங்குக்குப் பின் வளைவு பார்க்க வேண்டும். என் தெரிவு வேறு: லேத் பட்டறையில் பள்ளத்தைச் சீராக அகலப்படுத்தி, கீழ்ப்பகுதி தடித்தும் மேற்பகுதி பழைய அளவிலும் உள்ள படிக் கீயொன்றைக் கடைந்து பொருத்துவது. புல்லியைத் தண்டோடு வெல்டிங் செய்து விற்ற கார்களும் உண்டு. வாங்குமுன் குனிந்து பாருங்கள்.

கேள்வி (மட்டக்குளி): பழைய சிறிய கார்களுக்கு மட்டும் உள்ள நோயா இது?

பதில்: இல்லை. தொடக்ககால மஸ்டா எம்எக்ஸ்-5 கார்களின் குட்டை மூக்கு (முன்முனை) கொண்ட தண்டிலும் இதே கோளாறு பேர்போனது; 1991 இல் மூக்கைப் பெரிதாக்கினார்கள்.

கேள்வி (வெள்ளவத்தை): பூட்டியபின் டைமிங் லைட் (தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வைத்துச் சரிபார்த்தால் போதுமா?

பதில்: புல்லியும் நகர்ந்திருந்தால் அதிலுள்ள குறியை நம்ப முடியாது. முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வருவதை நேரடியாகக் கண்டறிந்து, குறி அங்கே பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே லைட்டை எடுங்கள்.