நாலு வட்டிக் கார்டும் ஒன்றரை வட்டிக் கார்டும்

போன மாதம் தவணையில் பொருள் வாங்குவதைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிப்பேர் பொருளைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு கிரெடிட் கார்டில் ஏறிக் கிடக்கும் கடனை இன்னொரு கார்டுக்கு மாற்றலாமா என்றுதான் கேட்கிறார்கள். 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கிறீங்களா சார்' என்று மத்தியானத் தூக்கத்தில் போன் வருமே, அந்த விவகாரம். ஒரு வங்கியின் கார்டு பாக்கியை இன்னொரு வங்கி கட்டிவிட்டு, அதைத் தன் கார்டில் குறைந்த வட்டிக்குத் தவணையாக வசூலித்துக்கொள்ளும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கார்டில் 1,20,000 ரூபாய் பாக்கி. வட்டி மாதம் 3.5 சதவீதம். புதிதாக எதுவும் வாங்காமல், ஒரு வருஷமாக மாதம் 6,000 கட்டுகிறேன். 72,000 கட்டியும் பாக்கி 10,000கூடக் குறையவில்லை. இன்னொரு வங்கி மாதம் 1.5 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை தருகிறது. கட்டணம் 2 சதவீதம். மாறலாமா?
– ஒரு ஆசிரியர், திருமங்கலம்

பதில்: மாறுங்கள். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

கீழமாசி வீதியில் ஒரு கடைக்காரரிடம் போய்க் கடன் கேளுங்கள், அல்லது அவருக்கு நீங்கள் கடன் கொடுங்கள். முதல் பேச்சே 'என்ன வட்டி?' என்பதுதான். ஒரு வட்டியா, ரெண்டு வட்டியா? நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். மூணு வட்டி என்றால் முகம் சுளிப்போம். அஞ்சு வட்டிக்கு வாங்கினான் என்றால் 'அவன் தேற மாட்டான்' என்று தீர்ப்பே எழுதிவிடுவோம். அதே நாம் கார்டை வாங்கும்போது மட்டும் ஏர்போர்ட் லவுஞ்சு உண்டா, பாயிண்ட் எத்தனை என்று கேட்கிறோம். வட்டியைக் கேட்பதில்லை. உங்கள் கார்டு மூன்றரை வட்டி. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆக நாலு வட்டிக்கும் மேல்.

1,20,000க்கு மாத வட்டி 4,200. ஜிஎஸ்டி 756. நீங்கள் கட்டும் 6,000-ல் 4,956 அதற்கே போய்விட்டது. மிச்சம் 1,044 ரூபாய்தான் கடனில் கழிகிறது. இப்படியே மாதம் 6,000 கட்டினால் முடிய இன்னும் 43 மாதம் ஆகும். அதற்குள் கைவிட்டுப் போவது ஏறக்குறைய 2,59,000.

புதிய வங்கியில் 24 மாதத்துக்கு மாதத் தவணை 5,991. வட்டிக்கான ஜிஎஸ்டி தனி. முதல் மாதம் 324, பிறகு குறைந்துகொண்டே வரும். கட்டணம் 2,400, அதற்கும் ஜிஎஸ்டி 432. எல்லாம் சேர்த்து அசலுக்கு மேல் 31,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இப்போது கட்டுகிற அதே ஆறாயிரத்துச் சொச்சத்தில் இரண்டு வருஷத்தில் கடன் தீரும்.

இதில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 1.5 சதவீதம் குறைகிற பாக்கிக்கா, 'பிளாட்' வட்டியா? பிளாட் என்றால் பாதிக் கடனைக் கட்டிய பிறகும் முழு 1,20,000க்கே வட்டி போடுவார்கள். அப்போது ஒன்றரை வட்டி உண்மையில் ரெண்டரை வட்டியை ஒட்டி வந்துவிடும். போனில் சொல்வதை நம்பாதீர்கள். மாதத் தவணை எத்தனை ரூபாய், எத்தனை மாதம், முன்னாலேயே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அப்புறம், நெடுநாளாக நெஞ்சில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பில்லில் 'மினிமம் டியூ' என்று கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கிறதே, பெரும்பாலும் பாக்கியில் 5 சதவீதம், அதைப் போல ஒரு நயவஞ்சகமான வார்த்தையை நான் பார்த்ததில்லை. அதைக் கட்டினால் கடமை முடிந்தது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும். வட்டி தப்பாது. அதுமட்டுமா? பாக்கி முழுவதையும் கட்டாத மாதத்திலிருந்து, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று கறிக்கடையில் 400 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தால் இன்றிலிருந்தே அந்தக் கறிக்கு வட்டி. மினிமம் மட்டும் கட்டினால் கடன் வருஷக்கணக்கில் இழுக்கும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. போடுகிறார்கள், எறும்பு வரிசை மாதிரி. தொகையைப் பெரிதாகவும் எச்சரிக்கையைச் சிறிதாகவும் அச்சடிக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? நீங்கள் ஏமாளி இல்லை சார். உங்களை மாதிரி ஒழுங்காகக் கட்டுகிறவர்களை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

கேள்வி: ஒரே வங்கியில் இரண்டு கார்டு வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடியுமா?
– அண்ணா நகர்

பதில்: பெரும்பாலும் முடியாது. அடுத்த வங்கியின் கடனைத்தான் இழுப்பார்கள். உங்கள் வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முதல் 90 நாளுக்கு வட்டியே இல்லை என்கிறார்கள். நல்ல வாய்ப்புதானே?
– மேலூர்

பதில்: 91-வது நாள் என்ன வட்டி என்று கேட்டீர்களா?

கேள்வி: கடனைப் புதிய கார்டுக்கு மாற்றிவிட்டேன். பழைய கார்டில் இப்போது 1,50,000 லிமிட் காலியாக இருக்கிறது. ஆடித் தள்ளுபடியில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கலாமா?
– எல்லிஸ் நகர்

பதில்: கூடாது.

காரணம் வேண்டுமென்றால் என் கதையைக் கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இப்படி 60,000 ரூபாயை மாற்றினேன். பழைய கார்டு பில்லில் பாக்கி 'பூஜ்யம்' என்று வந்த அன்று, என்னவோ சம்பளம் உயர்ந்த மாதிரி ஒரு குஷி. அந்த வாரமே 'ட' வடிவத்தில் ஏழு பேர் உட்காரும் சோபா ஒன்று வாங்கினேன். எங்கள் வீடு மாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் சோபா திரும்பவில்லை. நாலு பேர் கயிறு கட்டி, வெளிப்பக்கமாக, மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கினார்கள், கூலி 1,500. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. தூக்கும்போது சுவரில் உரசிப் பின்பக்கத் துணி ஒரு முழத்துக்குக் கிழிந்தது. 'உங்கள் வாசலில் இறக்கியபோது நன்றாகத்தான் இருந்தது' என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அளவெடுக்காமல் வாங்கினது நான். அதன் பிறகு மாதம் இரண்டு பில் வந்தது. மாற்றிய கடனுக்கு ஒன்று, சோபாவுக்கு ஒன்று. வீட்டில் மூன்று பேர்தான், இன்னும் நாலு பேர் உட்காரும் இடம் சும்மா கிடக்கிறது.

கேள்வி: சிம்மக்கல் பக்கம் ஒருவர் நம் கார்டு பாக்கியைத் தன் பணத்தில் கட்டிவிட்டு, உடனே அதே கார்டைத் தேய்த்து எடுத்துக்கொள்கிறார். கமிஷன் 3 சதவீதம். வட்டியே இல்லாமல் ஏழு மாதமாக ஓட்டுகிறேன். இதுவும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் மாதிரிதானே?
– செல்லூர்

பதில்: மாதாமாதம் நூற்றுக்கு மூணு ரூபாய் கொடுத்துவிட்டு 'வட்டியே இல்லாமல்' என்று எழுதுகிறீர்களே! கமிஷன் என்று பேர் வைத்தால் வட்டி இல்லையாகிவிடுமா? ஏழு மாதத்தில் 21 சதவீதம் கொடுத்திருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. வாங்காத பொருளை வாங்கியதாகத் தேய்ப்பது கார்டு ஒப்பந்தத்துக்கே விரோதம். கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கும். அவர் பாக்கியைக் கட்டிய பிறகு கார்டு முடங்கினால், அன்று அவர் உங்கள் வாசலில் நிற்பார். கார்டையும் ஓடிபியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: ஐயா, கணவர் பெயரில் உள்ள கார்டுக்கு, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றித் தருவதாகப் போன் வந்தது. பாக்கித் தொகையைச் சரியாகச் சொன்னான். நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டேன். 48,600 போய்விட்டது. வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பேசுகிறார்கள்.
– உசிலம்பட்டி

பதில்: பேசுகிறவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் அம்மா. பாக்கித் தொகையைச் சரியாகச் சொல்கிறவனை வங்கிக்காரன் என்று யாரும் நம்பத்தான் செய்வார்கள். அந்தத் தகவல் அவன் கைக்கு எப்படிப் போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

1930 என்ற எண்ணுக்கு இன்னும் பேசவில்லையென்றால், இதைப் படித்து முடிக்கும் முன்னால் பேசுங்கள். அது சைபர் மோசடிப் புகாருக்கான அரசு எண். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. உடனே வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்கி, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு என்பார்கள். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் நேரம் முக்கியம்.

மற்றவர்களுக்கு: நிஜமான பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் பணம் நம் பழைய கார்டுக்குள் வரவு வைக்கப்படுகிறது. பணம் போட வருகிறவனுக்குப் பழைய கார்டின் பின்பக்க மூன்று எண்ணோ, அந்தக் கார்டுக்கு வரும் ஓடிபியோ எதற்கு?

கேள்வி: தங்கை மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் செய்முறை. கையில் பணமில்லை. கார்டை ஏடிஎம்மில் போட்டு 80,000 எடுத்துச் செய்துவிட்டேன். மொய் வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.
– அலங்காநல்லூர்

பதில்: மொய் தங்கை வீட்டுக்கு வரும் தம்பி, உங்களுக்கு எப்படி வரும்? உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் திருப்பிச் செய்யும்வரை கார்டு காத்திருக்காது. கடையில் தேய்த்தாலாவது பில்லைக் கட்ட வேண்டிய கடைசித் தேதிவரை அவகாசம் உண்டு. ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஃபிளெக்ஸில் பேர் பெரிதாக வந்திருக்கும், சந்தோஷம்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து இதை முதலில் அடையுங்கள். கார்டில் மூன்று மாதத்தில் ஏறும் வட்டிதான் அங்கே ஒரு வருஷத்துக்கே ஆகும். ஆனால் நகையை மீட்கும் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். தவறினால் ஏலம். நகை இல்லையென்றால் மட்டும் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள்.

கேள்வி: கடனை மாற்றினால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண்) ஏறுமா?
– கே.கே. நகர்

பதில்: கட்டினால் ஏறும்.

கேள்வி: பில்லில் இருந்த 74,000 முழுவதையும் புதிய வங்கி கட்டிவிட்டது. பழைய கார்டில் அடுத்த மாதம் 1,900 ரூபாய் பில் வருகிறது. கார்டை மூடச் சொன்னால், 'வருடக் கட்டணம் இல்லாமல் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஆறு வாரமாக இழுக்கிறார்கள்.
– ஒரு ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருப்பரங்குன்றம்

பதில்: அந்த 1,900 பில் போட்ட தேதிக்கும் பணம் வந்து சேர்ந்த தேதிக்கும் இடையில் ஓடிய வட்டியாக இருக்கும். எரிச்சலாக இருந்தாலும் கட்டிவிடுங்கள். கட்டாமல் வழக்காடினால் தாமதக் கட்டணம் குட்டி போடும். மாற்றுகிற எல்லாருமே இதற்கென்று இரண்டாயிரம் தனியாக வைத்திருப்பது நல்லது.

ஆனால் மூட மறுப்பதற்கு அவர்களுக்கு வழியே இல்லை. 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலைநாளுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தர வேண்டும். போனில் கெஞ்சாதீர்கள். முதலில் 1,900-ஐக் கட்டி ரசீது எடுங்கள். அன்றே 'கார்டை மூடவும்' என்று தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், 500 ரூபாய் விதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவு கிடையாது. எப்படி என்று கேட்க 14448-க்குப் பேசுங்கள். புகார் எண் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.